கழுத்தில் உட்காராத காலர்

மூன்றாவது முறையும் காலர் கழுத்தில் உட்காரவில்லை.

"திரும்புங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே நில்லுங்க" என்றான் லியாகத் அலி.

கறுப்புக் கோட்டுக்குள் நின்றிருந்த இராஜாங்கம் முதுகைக் காட்டித் திரும்பினான். அவனுடைய சட்டைக் காலருக்கும் கோட்டின் காலருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. லியாகத் உண்மையிலேயே விரலை விட்டுப் பார்த்தான். நுழைந்தது.

கடைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த திரையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே கட்டிலில், மனைவி சைத்தூன் பீவியின் தோளில் சாய்ந்தபடி ஜெய்னுலாபுதீன் பார்த்துக்கொண்டிருந்தார். மாயவரத்தில் கோட்டு சூட்டு தைக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். ஏழு மாதமாக அவருக்கு இழுப்பு. ஒவ்வொரு மூச்சும் நனைந்த துணியைக் கிழிப்பது போன்ற சத்தத்தோடு வந்தது. சைத்தூன் முக்காட்டை முன்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டு, அவர் சரிந்துவிடாமல் இரு கையாலும் தாங்கியிருந்தாள். கட்டிலுக்கும் இராஜாங்கத்துக்கும் நடுவே துணி வெட்டும் மேசை. அங்கிருந்து பார்த்தால் அவனுடைய இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தது.

"காலரை இன்னும் கால் அங்குலம் பிடிக்கலாமா சின்னத்தா?" என்று கேட்டான் லியாகத். அவன் சைத்தூனின் அக்கா மகன். பதினைந்து வருடமாக அந்தக் கடையில் மெஷின் மிதிக்கிறவன்.

ஜெய்னுலாபுதீன் பதில் சொல்வதற்கு மூச்சைச் சேர்க்க வேண்டியிருந்தது. "ரெண்டு தடவ... பிடிச்சாச்சு. இனிமே பிடிச்சா... அது தூக்குக் கயிறுதான்."

"அதை எதிர்க்கட்சிக்காரருக்குப் போடணும் பாய். எனக்குப் போட்டுறாதீங்க" என்றான் இராஜாங்கம்.

ஜெய்னுலாபுதீனுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கோட்டைத் தோள்தான் தாங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதலில் கழுத்தில் உட்கார வேண்டும். பின்கழுத்தில் காலர் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் மீதித் துணி தானாக வழிந்து இறங்கும். அங்கே ஒட்டவில்லையென்றால், நெஞ்சும் கையும் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இரவல் கோட்டு போலத்தான் தோன்றும். இரவல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இராஜாங்கம் இந்தக் கோட்டைத் தைக்கக் கொடுத்திருந்தான். சீனியர் வக்கீலின் பழைய கோட்டைத்தான் இதுவரை போட்டுக்கொண்டிருந்தான். அகரவெளியில் அவனுடைய தெருவிலிருந்து சட்டம் படித்தவன் அவன் ஒருவன்தான்.

ஆட்சி மாறி நான்கு வருடம் ஆகியிருந்தது. குத்தகைக்குப் பயிரிடுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. அகரவெளியில் பதினான்கு குடும்பங்கள் பெயரைப் பதியப் போனபோது, இவர்கள் குத்தகைக்காரர்களே இல்லை, கூலியாட்கள் என்று மிராசுதார் எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை அந்த வழக்கு. இராஜாங்கம் தனியாக எழுந்து நின்று பேசப்போகிற முதல் வழக்கும் அதுதான். துணி, பம்பாய் மில்லில் வேலை பார்க்கும் அவனுடைய மாமன் அனுப்பியது. கெட்டுப்போனால் வாங்க இன்னொரு துண்டு இந்த ஊரில் கிடையாது.

"பிரிச்சு வை" என்றார் ஜெய்னுலாபுதீன். "நாளைக்குப் பாக்கலாம்."

இராஜாங்கம் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். லியாகத் திரையை அவிழ்த்து விட்டான். ஜெய்னுலாபுதீன் தலையணைகளில் சாய்ந்து, தன் வலது கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கை போயிடுச்சா, சைத்தூன்?"

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அளவு எடுத்த அன்னிக்கி எனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்தீங்க. எந்திரிச்சு நின்னுதான் அளவெடுத்தீங்க. ரெண்டு டீ குடிச்சீங்க."

"அப்ப தப்பு எங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் வெட்டிய கோட்டுகளுக்குக் கைவேலை அத்தனையும் அவள் செய்தது. நெஞ்சுப் பகுதியில் துணிக்கு அடியில் கேன்வாஸ் வைத்து, வெளியே தெரியாதபடி நூற்றுக்கணக்கான சின்னத் தையல்களால் பிடித்துத் தைப்பாள். நெஞ்சின் மேல் திரும்பும் லேப்பல் பட்டை மடங்கி விழாமல் உருண்டு திரும்புவது அந்தத் தையலால்தான். காஜா எடுப்பாள், லைனிங் வைப்பாள். ஆனால் சாக்கட்டியால் கோடு போட்டுக் கத்திரி வைப்பது அவர் வேலை. அந்தக் கணக்குக்குள் அவள் நுழைந்ததில்லை.

"கஞ்சி எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அடுப்படியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் காதில் விழுந்தது. இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நொடி யோசித்தாள். ஏழு மாதமாக அந்த வீட்டில் கடிகாரச் சத்தம் யாருக்கும் கேட்டதில்லை. அவருடைய மூச்சு அதை மூடியிருந்தது. கிண்ணத்தை அம்மியின் மேல் வைத்துவிட்டு மெதுவாகத்தான் நடந்து வந்தாள்.

அவர் கண்ணை மூடியிருந்தார். தோள்கள் இறங்கியிருந்தன. இழுப்பு வந்தவர்களுக்குத் தோள் எப்போதும் காதுக்கு ஏறித்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சையும் தோளால் தூக்க வேண்டும். இத்தனை மாதம் கழித்து அவை இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் உடம்பும் எங்கெங்கோ பிடித்து வைத்திருந்ததை விடுவதை உணர்ந்தாள். வெட்கமாக இருந்தது. பிறகுதான் லியாகத்தைக் கூப்பிட்டாள்.

*

அன்று வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு வந்தவர்கள் அப்படியே வீட்டுக்கு வந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாயிற்று. உடலைப் போர்த்தும் கபன் துணியைப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கொண்டுவந்தார். ஆண்களுக்கு மூன்று துண்டு. எதிலும் தையல் கிடையாது. அவற்றில் ஒன்று மட்டும் சட்டை போல உடம்பின் முன்னும் பின்னும் விழும். அதற்குத் தலை நுழைய நடுவில் கீறினால் போதும். மோதினார் முற்றத்தில் துணியை விரித்து, கண்மதிப்பில் கத்திரியை வைத்தார்.

"கொஞ்சம் கோணுது" என்றான் லியாகத்.

"இது கோணினா யாருப்பா பாக்கப் போறா?"

"சின்னத்தா பாத்திருந்தா பிரிக்கச் சொல்லியிருப்பாங்க."

"பிரிக்க இதுல தையலே இல்லியேப்பா" என்றார் மோதினார். இருவருக்கும் சிரிப்பு வந்து, இருவரும் அடக்கிக்கொண்டார்கள். லியாகத் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு கத்திரியை வாங்கினான். நடுவைக் கண்டுபிடிக்கத் துணியை நான்காக மடித்து, மடிப்பின் முனையில் ஒரே வெட்டாக வெட்டினான். உள்ளே கதவோரம் உட்கார்ந்திருந்த சைத்தூனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. நேரான வெட்டுக்கும் கோணல் வெட்டுக்கும் கத்திரி வேறு வேறு சத்தம் போடும். இது நேரானது.

ஜெய்னுலாபுதீனின் அக்கா கமருன்னிஸா நாகப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து, உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"வலி தெரியாமப் போயிட்டான் போல இருக்கே" என்றாள்.

"ஆமாக்கா."

"அந்த மட்டும் சரி." தம்பியின் நெற்றியைத் தொட்டுவிட்டு, "இழுப்பு வந்தா எங்கத்தா பட்ட பாட்டை நான் பாத்திருக்கேன். இவனுக்கும் அப்படித்தான் ஆகுமோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து சைத்தூனுக்கு இத்தா. நான்கு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அன்னிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அக்கா மகன் என்பதால் லியாகத் உள்ளே வரலாம். வேறு ஆண் யாரும் வரக் கூடாது. திரையைத் தூக்கிக் கட்டும் கயிற்றைக் கமருன்னிஸா அவிழ்த்தே எடுத்துவிட்டாள்.

*

சனிக்கிழமை காலை லியாகத் தயங்கித் தயங்கி வந்தான். "சின்னம்மா, இந்த வக்கீல் தம்பி கோட்டு... கும்பகோணத்துல ஒருத்தர் இருக்காரு. எடுத்துட்டுப் போய்க் காட்டட்டுமா?"

"என்னான்னு காட்டுவே?"

"காலர் நிக்கலன்னு."

"அதை நாமளே மூணு தடவ பாத்தாச்சு. இங்க கொண்டா. அளவு நோட்டையும் எடுத்தா."

கமருன்னிஸா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். "இத்தா இருக்கிற பொம்பள, மறுநாளே கத்திரியும் கையுமா உக்காந்தா ஊரு என்னா சொல்லும்?"

"ஊசி நூலுக்குத் தடை இல்லக்கா. வீட்டுக்குள்ள இருந்து செய்யலாமாம். நேத்து ராத்திரியே லியாகத்தை விட்டுப் பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேட்டாச்சு."

"அசரத்து மவனுக்கு நிக்காஹ் கோட்டு இந்தக் கடையிலதான் தைக்கக் குடுத்திருக்கு. வேற என்னா சொல்லுவாரு?"

ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. கோட்டை விரித்தபோது கிட்டே நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "என் தம்பி தப்பா வெட்டிட்டானா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெரியலக்கா. அதைத்தான் பாக்கணும்."

சைத்தூன் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம். மார்பு, இடுப்பு, கை. பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகின் நீளம். அதே இடத்திலிருந்து தோளைச் சுற்றி முன்பக்கம் இடுப்பு வரை இன்னொரு நீளம். கோட்டின் சூட்சுமம் முழுக்க இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் உறவில்தான் இருக்கிறது. நெஞ்சை நிமிர்த்தி நடப்பவனுக்கு முன்பக்கம் நீளும், முதுகு குறுகும். கூன் போட்டு நடப்பவனுக்கு நேர்மாறு. ஒரே உயரம், ஒரே பருமன் உள்ள இரண்டு பேருக்கு ஒரே கோட்டு பொருந்தாமல் போவது இதனால்தான். ரெடிமேடாக வாங்குவதை விட்டுவிட்டு ஆளை நிற்க வைத்து அளவெடுப்பதும் இதற்காகத்தான். அளவுகளுக்குப் பக்கத்தில் ஜெய்னுலாபுதீன் ஒரு சின்னக் கோடு போட்டு வைப்பார். சாதாரணமாக நிற்பவனுக்கு லேசாக வளைந்த கோடு. கூனுகிறவனுக்குக் கொக்கி போல. நிமிர்ந்தவனுக்குக் குச்சி போல நேராக.

இராஜாங்கத்தின் பக்கத்தில் முதுகு பதினாறரை. கோடு, நேரான குச்சி.

"லியாகத்து, அந்தத் தம்பி நல்லா நிமிந்து நடக்குற ஆளா?"

"அவரா? கீழ ஏதோ தொலைச்சிட்ட மாதிரி தரையைப் பாத்துக்கிட்டுல்ல நடப்பாரு. கழுத்து இப்படி முன்னால நீட்டிக்கிட்டு இருக்கும்." நடந்து காட்டினான். கமருன்னிஸாவே சிரித்துவிட்டாள்.

"நேத்து கோட்டைப் போட்டு நின்னாரே, பின்னால கீழ் ஓரம் எப்படி இருந்துச்சு?"

"கீழயா?" லியாகத் யோசித்தான். "தூக்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ரெண்டு விரக்கடை. இஸ்திரி போட்டா இறங்கிடும்னு நெனச்சேன்."

"சின்னத்தாகிட்ட சொல்லலியே நீ."

"அவங்க கேக்கலியே சின்னம்மா. எல்லாரும் காலரைத்தானே பாத்துக்கிட்டிருந்தோம்."

மேசை மறைத்திருந்தது. நடமாட முடிந்த காலத்தில் அவர் ட்ரையல் பார்க்கும்போது ஆளைச் சுற்றி இரண்டு சுற்று நடப்பார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓரத்தைப் பார்ப்பார். இந்தக் கோட்டை மூன்று முறையும் கட்டிலிலிருந்து பார்த்தார். மேலே காலர் விலகுவதும் கீழே ஓரம் தூக்குவதும் இரண்டு கோளாறு அல்ல. முதுகுத் துணி போதாமல் இருந்தால், அது வளைந்த முதுகின் மேல் ஏறி நடுவில் நின்றுகொண்டு, மேல் முனையைக் கீழேயும் கீழ் முனையை மேலேயும் இழுக்கும். குட்டையான போர்வையை இழுத்துப் போர்த்தினால் தலைக்கும் எட்டாமல் காலுக்கும் எட்டாமல் நிற்பது போல.

அது புரிந்தது. ஆனால் சைத்தூனுக்கு நிம்மதி வரவில்லை. அப்படியென்றால் முதுகு அளவு தப்பு. உடம்பு நன்றாக இருந்த நாளில், எழுந்து நின்று எடுத்த அளவு தப்பு. கூனி நடக்கிற ஆளைப் பார்த்து நேர்க்குச்சி போட்டிருக்கிறார். கை போனது போதாதென்று கண்ணும் போயிருந்ததா?

*

பத்து மணி வாக்கில் கொல்லைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. இராஜாங்கத்தின் அம்மா வேம்பு நின்றிருந்தாள். நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்தது.

"முன்வாசல் வழியா வரக் கூடாதா?" என்று கமருன்னிஸா அதட்டினாள். "கொல்லைப் பக்கம் நாய் கெடக்கு, கடிச்சு வச்சா?"

"பழக்கம்மா" என்றாள் வேம்பு. உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றவளைக் கமருன்னிஸா கையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் உட்கார வைத்தாள்.

வேம்பு சைத்தூனின் முழங்கை மேல் கையை வைத்தாள்.

"நேத்து காலையில பாத்துட்டு வந்தேன், சிரிச்சுப் பேசினாருன்னு சொன்னான் எம் புள்ள. அதுக்குள்ள சேதி வந்துடுச்சு."

"ஆமா. சிரிச்சாங்க."

"தங்கமான மனுசன். அன்னிக்கி வேற ஒருத்தரா இருந்தா எம் புள்ளைய அப்புறம் வான்னு அனுப்பிருப்பாங்க."

"என்னிக்கி?"

"அளவெடுத்த அன்னிக்கிதான். அவரு வந்து ஒக்காந்திருந்தாராமே கடையில." அவர் என்றால் அகரவெளி மிராசுதார். வேம்பு இந்த வீட்டுக்குள்ளும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "மருமவப்புள்ளைக்கு சூட்டு தைக்கணும்னு வந்திருந்தாராம். இப்பல்லாம் அவரும் கரை வேட்டிதானே கட்டுறாரு. எம் புள்ள உள்ள நொழைஞ்சதும், 'யாரு, வேம்பு மவனா? ஒனக்குக் கோட்டு வேறயா?'ன்னாராம். பாய்தான், 'அவங்க மொதல்ல சொல்லி வச்சவங்க, அளவெடுத்துட்டு வந்துடுறேன், இருங்க'ன்னு சொல்லிட்டு டேப்பை எடுத்தாராம்."

"உங்க புள்ள என்ன செஞ்சாங்க?"

வேம்புவின் முகம் சற்று மலர்ந்தது. "வீட்டுக்கு வந்து சொல்றான். 'அம்மா, ஒடம்பை அப்படியே மரம் மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னேன். அளவு முடியிற மட்டும் மூச்சு கூட விடல. தலை குனியவே இல்லம்மா'ங்குறான். ராவெல்லாம் கழுத்து வலின்னு எண்ணெய் தேய்க்கச் சொன்னான். படிச்சுப் படிச்சு கூனிப்போன கழுத்து. நிமித்துனா வலிக்காதா?"

சைத்தூன் அவளையே பார்த்தாள். பிறகு நோட்டை மடியில் வைத்து, அந்த நேர்க்குச்சிக் கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். அன்று அந்த ஐந்து நிமிடம் இராஜாங்கத்தின் முதுகு பதினாறரை அங்குலம்தான் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்து உடம்புக்கு அந்தக் கோட்டு அப்பழுக்கில்லாமல் பொருந்தும். மறுபடி ட்ரையலுக்கு வந்தபோது கடையில் மிராசுதார் இல்லை. விறைத்து நிற்க ஒரு தேவையும் இல்லாமல், நடக்கிறபடியே வந்து நின்றிருக்கிறான்.

"அக்கா" என்றாள் கமருன்னிஸாவிடம். "தப்பு இல்லக்கா."

"என்னா தப்பு இல்ல?"

"உங்க தம்பி வெட்டுனதுல. அளவெடுத்ததுலயும்."

கமருன்னிஸா எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு விசிற ஆரம்பித்தாள். அது இப்போது தேவைப்படவே இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு இராஜாங்கத்தை வரச் சொன்னார்கள். அதற்குள் சைத்தூனுக்கு இன்னொரு சந்தேகம் முளைத்திருந்தது. நாளை கோர்ட்டில் மிராசுதார் எதிரே உட்கார்ந்திருப்பார். அங்கேயும் இவன் மரம் மாதிரி விறைத்து நின்றால்? முதுகை நீட்டிய கோட்டு அப்போது பின்கழுத்துக்குக் கீழே மடிப்பு விழுந்து நிற்கும். எந்த உடம்புக்குத் தைப்பது?

லியாகத்தைத் திரைக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். அவன் போய்க் கேட்டான். "வக்கீல் தம்பி, நாளைக்கு அங்க எப்படி நிப்பீங்கன்னு சின்னம்மா கேக்குறாங்க."

திரைக்கு அப்பால் இராஜாங்கம் தயங்குவது தெரிந்தது. "எப்படின்னா?"

"நிமிந்தா, இல்ல எப்பவும் போலயா?"

"அங்க எங்க அண்ணே நிமிர்றது? கையில கட்டுக் கட்டா காயிதம் இருக்கும். பதினாலு குடும்பத்து சாகுபடி அடங்கலையும் வரிசையாப் படிச்சுக் காட்டணும். ஒரு சர்வே நம்பர் மாறிட்டா போச்சு."

சைத்தூனுக்கு அது போதுமாக இருந்தது. "நிக்கச் சொல்லாதே" என்று லியாகத்திடம் சொன்னாள். "அந்தக் காயிதத்தைக் கையில குடுத்து, நாளைக்குப் படிக்கிற மாதிரி படிக்கச் சொல்லு. கேட்டுக்கிட்டே பின்னால போயி அளவெடு. எடுக்குறேன்னு சொல்லாதே."

இராஜாங்கம் படித்தான். முதலில் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருந்தது. அகரவெளி வட்டம், நன்செய், சர்வே எண், சாகுபடி செய்பவர் பெயர். மூன்றாவது குடும்பத்துக்கு வந்தபோது குரல் இறங்கிச் சமநிலைக்கு வந்தது. ஐந்தாவதில், யாருடைய அப்பா எந்த வருடம் எந்த வாய்க்காலை வெட்டினார் என்று காகிதத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒன்பதாவது அவனுடைய அம்மாவின் பெயர். அதையும் மற்றப் பெயர்களைப் போலவே படித்துவிட்டுப் போனான்.

லியாகத் திரைக்குள் தலையை நீட்டி, சத்தமில்லாமல் டேப்பைக் காட்டினான். பதினேழே கால்.

முக்கால் அங்குலம் குறைவு.

இனி, உள்ளே அவ்வளவு துணி இருக்க வேண்டும். சைத்தூன் லைனிங்கைப் பிரித்து, காலரைப் பிரித்து, தோள் தையலைப் பிரித்தாள். கமருன்னிஸா பக்கத்தில் உட்கார்ந்து நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள். காலரை இரண்டு முறை பிடித்திருந்தார்களே தவிர வெட்டியிருக்கவில்லை. மடித்த துணி உள்ளேயே இருந்தது. பின்கழுத்திலும் தோளிலும் தையலுக்கு அப்பால் ஒரு அங்குலத் துணி மடிந்து கிடந்தது. நல்ல கோட்டு தைப்பவர்கள் அங்கே மட்டும் கஞ்சத்தனம் காட்ட மாட்டார்கள். மனிதர்கள் மாறுவார்கள், கோட்டும் கூட மாற வேண்டியிருக்கும் என்று அவர் சொல்வார்.

"இவ்வளவு துணியை உள்ள வச்சுத் தச்சிருக்கானே, வீணா" என்றாள் கமருன்னிஸா.

"வீணில்லக்கா."

சைத்தூன் சாக்கட்டியை எடுத்தாள். கோட்டில் கோடு போடுவது அவளுக்கு இதுதான் முதல் முறை. பின்கழுத்தில் முக்கால் அங்குலம் மேலே புள்ளி வைத்தாள். அங்கிருந்து தோள் முனை வரும்போது ஒன்றுமில்லாமல் போகும்படி கோட்டைச் சரிய விட்டாள். தோள் முனையிலும் உயர்த்தினால் கை தூக்கிக்கொள்ளும். கோடு கொஞ்சம் கோணிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டாவது கோடு சரியாக வந்தது. கச்சாத் தையல் போட்டு, கமருன்னிஸா காய்ச்சிக் கொடுத்த பெட்டியால் அழுத்தினாள். விளக்கு ஏற்றும் நேரத்துக்குள் லியாகத் மெஷினில் தோளை மூட்டிக் கொடுத்தான். காலரை அவள் கையாலேயே வைத்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு இராஜாங்கம் வந்தான். திரைக்கு இந்தப் பக்கம் சைத்தூனும் கமருன்னிஸாவும் உட்கார்ந்திருந்தார்கள். துணி உரசுகிற சத்தம் கேட்டது. லியாகத் மேசையை ஓரமாக இழுத்துப் போடுவது கேட்டது. பிறகு அவனுடைய செருப்புச் சத்தம் ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"கையைக் கீழ விடுங்க. காயிதத்தைப் பாருங்க. ம்."

சைத்தூன் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா" என்றான் லியாகத். "விரல் நுழையல."

"கீழ ஓரம்?"

"இறங்கிடுச்சு. ஸ்கேல் வச்ச மாதிரி நேரா நிக்கிது."

கமருன்னிஸா நீளமாக மூச்சு விட்டாள். அந்தப் பக்கம், "அப்ப காலர்ல தப்பு இல்லியா?" என்று இராஜாங்கம் கேட்பது காதில் விழுந்தது.

"காலர்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்றாள் சைத்தூன். "முதுகுதான் முக்கால் அங்குலம் பத்தல. விட்டாச்சு. இனிமே யாருக்கு அளவெடுத்தாலும் நிக்க வச்சு எடுக்காதே லியாகத்து. ஏதாவது படிக்கச் சொல்லி, பேச விட்டு எடு."